நல்வாழ்வுப் பழக்கங்கள்: மேகமலை, கம்பம் பள்ளத்தாக்கு

நல்வாழ்வுப் பழக்கங்கள் என்பவை உடலைப் பேணும் பொருட்டு நாள்தோறும் அல்லது குறித்த இடைவெளியில், ஒவ்வொரு முறையும் யோசித்து முடிவெடுக்காமலே செய்யப்படும் செயல்கள். உணவு, நீர், நீராட்டு, நடை, உறக்கம் ஆகிய ஐந்தும் இவற்றுள் தலையானவை. ஒரு பழக்கம் நிலைப்பதற்கு மன உறுதியைவிட அது வேளையோடும் தொழிலோடும் பிணைந்திருப்பதே முதற்காரணம். தேனி மாவட்டத்து மலையும் பள்ளத்தாக்கும் இதற்குத் தக்க சான்று.

நிலமும் வாழ்க்கையும்

கிழக்கே மேகமலைக்கும் மேற்கே ஏலமலைக்கும் இடையில் கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. சின்னமனூரிலிருந்து சாலை ஏறும் மேகமலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ளது. தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களைக் கொண்டது. காடுகளில் வாழ்ந்த பளியர் கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் உணவு தேடினர். அவர்களுக்கு நடையே வாழ்க்கையாக இருந்ததால் உடற்பயிற்சி என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை. தோட்டத் தொழிலாளர் விடியலில் எழுந்து, சரிவுகளில் நின்று கொழுந்து பறிப்பவர்கள். அவர்களுக்குக் குடிநீர், மருத்துவ வசதி, வார விடுமுறை ஆகியவற்றை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் உரிமையாக்கியது.

பள்ளத்தாக்கில் 1895-இல் பெரியாற்று அணை நீர் வந்தபின் இருபோக நெல் பெருகியது. அந்த அணை கட்டப்பட்ட ஆண்டுகளில் மலேரியாவும் காலராவும் தொழிலாளர் பலரின் உயிரைப் பறித்தன. காலராவைத் தடுக்க நீரைக் காய்ச்சிக் குடிப்பது போன்ற எளிய பழக்கத்தின் மதிப்பை இம்மலைகள் அவ்வாறு பெருவிலை கொடுத்தே உணர்ந்தன.

நூல் மரபு

அன்றாட ஒழுக்கத்தைத் தமிழ் இலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே வகுத்துவிட்டது. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றிய 100 வெண்பாக்களைக் கொண்டது. வைகறையில் எழுதல், பல் துலக்குதல், நீராடிக் கால் கழுவி உண்ணுதல், நின்றோ படுத்தோ உண்ணாமை, நீராடும்போது நீரில் உமிழாமை முதலியவற்றை அது விதிக்கிறது. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான மருந்து, முன் உண்டது செரித்தபின் பசித்து அளவோடு உண்பவருக்கு மருந்தே வேண்டாம் என்கிறது.

சித்த மருத்துவத்தில் இம்மரபு முழுமை பெற்றது. அகத்தியரின் மாணவராகப் போற்றப்படும் தேரையர் பாடிய பிணியணுகா விதி, நோய் வருமுன் காக்கும் ஒழுக்கங்களின் தொகுப்பு. நீரைக் காய்ச்சிச் சுருக்குதல், மோரில் நீர் பெருக்குதல், நெய்யை உருக்கிச் சேர்த்தல் ஆகிய மூன்றும் அவர் வகுத்த உணவு நெறிகளில் இன்றும் பலர் வாயில் வழங்குபவை. முதல் நாள் சமைத்த கறியைத் தவிர்த்தல், பசியின்றி உண்ணாமை, பகலில் உறங்காமை ஆகியவையும் அவர் விதித்தவை. பாடலின் விதிகள் பெரும்பாலும் ‘செய்வோம்’, ‘செய்யோம்’ என்று தன்மைப் பன்மையில் உள்ளன. ஒருவருக்கிடும் கட்டளையாக அல்லாமல் ஒரு கூட்டத்தாரின் உறுதிமொழியாக அவை ஒலிக்கின்றன.

வகைப்பாடு

தேரையர் கூறும் ஒழுக்கங்களை இடைவெளி நோக்கிப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. நாள்தோறும்: இருவேளை உணவு, உண்டபின் சிறு நடை.
2. மூன்று நாளுக்கு ஒருமுறை: கண்ணுக்கு மையிடுதல்.
3. நான்கு நாளுக்கு ஒருமுறை: எண்ணெய் முழுக்கு, வெந்நீர்க் குளியல்.
4. அரைத்திங்களுக்கு இருமுறை: முகம் மழித்தல்.
5. ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை: மூக்கில் மருந்திடும் நசியம்.
6. நான்கு திங்களுக்கு ஒருமுறை: பேதி மருந்து.
7. ஆறு திங்களுக்கு ஒருமுறை: வாந்தி மருந்து.

இவற்றுள் எண்ணெய் முழுக்கு மக்களிடம் ஆழ வேரூன்றியது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்ற தமிழக வழக்கம் நான்கு நாள் கணக்கை வாரத்தோடு பொருத்திக்கொண்டது. கிழமை வந்தால் எண்ணெய்க் கிண்ணம் வரும். நினைவூட்ட ஆள் வேண்டியதில்லை. பேதி, வாந்தி, நசியம் ஆகியவற்றை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே மேற்கொள்ள வேண்டும்.

நிலைபெறும் முறை

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-இல் அச்சில் வெளிவந்தது. பங்கேற்றோர் ஒரு புதிய செயலைக் காலை உணவுக்குப் பின் என்பது போன்ற ஒரு தருணத்தோடு இணைத்து நாள்தோறும் செய்தனர். அது இயல்பாக மாற எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. உணவு முடிந்ததும் நடை என்ற தேரையரின் விதி இதே முறையில் அமைந்தது: முந்தைய செயல் முடிவதே அடுத்ததற்கு அழைப்பாகிறது. எனவே புதிதாகத் தொடங்குபவர் ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றைத் தேர்ந்து, அதன் பின்னால் ஒரு சிறு செயலைச் சேர்ப்பதே சிறந்த வழி.

இன்றைய நிலை

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடல் உழைப்பையும் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையும் பரிந்துரைக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும், 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தையும் தொடங்கியது. தேனி மாவட்டமும் இவற்றில் அடங்கும்.