அதே பால், அதே மைலோ... ஆனால் பிள்ளை ஏன் குடிக்க மாட்டேங்குது?

வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த அக்காவோ அண்ணனோ உங்கள் குடும்பத்தில் இருக்கிறார்களா?

அப்படியென்றால் இந்தத் தொலைபேசிப் பேச்சு உங்களுக்குப் புதிதாக இருக்காது.

"எல்லாம் செட்டில் ஆயிடுச்சு. வீடு கிடைச்சிடுச்சு, ஸ்கூல் கிடைச்சிடுச்சு. சின்னவன் மட்டும் பால் குடிக்கவே மாட்டேங்கிறான். 'இது நம்ம பால் இல்ல'ன்னு தள்ளிவிடுறான்."

அடம்பிடிக்கிறான் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. எல்லை தாண்டினால் பாலின் கொழுப்பு மாறும், சூடாக்கும் முறை மாறும், டின்னுக்குள் இருக்கும் கரண்டியின் அளவுகூட மாறும்.

சுவை மாறினால் பிள்ளை முகம் சுளிக்கும், அவ்வளவுதான். ஆனால் சில வேறுபாடுகள் உடல்நலத்தையே பாதிக்கக்கூடியவை. எவற்றைக் கவனிக்கவேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மூடியின் நிறத்தை நம்பலாமா?

நம்ப வேண்டாம். நிறத்துக்கு உலகப் பொது விதி எதுவும் கிடையாது.

- தமிழ்நாட்டின் ஆவின் பாலில் நீலப் பொட்டலம் என்றால் 3 விழுக்காடு கொழுப்பு. ஆரஞ்சுப் பொட்டலம் என்றால் 6 விழுக்காடு.

- பிரிட்டனில் நீல மூடி என்றால் முழுக் கொழுப்புப் பால். அதில் குறைந்தது 3.5 விழுக்காடு கொழுப்பு இருக்கும். பச்சை மூடி பாதிக் கொழுப்பு நீக்கியது. சிவப்பு மூடியில் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

- அமெரிக்காவில் பல கடைகளில் இது தலைகீழ். சிவப்பு மூடி போட்டதுதான் முழுக் கொழுப்புப் பால், குறைந்தது 3.25 விழுக்காடு.

- கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் மூடியே இல்லாமலும் பால் வரும். மூன்று பிளாஸ்டிக் பைகள், மொத்தம் 4 லிட்டர். ஒரு பையை ஜக்குக்குள் வைத்து, முனையைக் கத்தரித்து ஊற்றவேண்டும்.

அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குப் போகும் குடும்பம் பழக்கதோஷத்தில் சிவப்பு மூடியை எடுத்தால் என்ன ஆகும்? ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கொழுப்பு நீக்கிய பால் போய்ச் சேரும். அந்த வயதில் வளர்ச்சிக்குக் கொழுப்பு தேவை. அதனால் கடையில் நிறத்தைப் பார்க்காமல் 'கொழுப்பு எத்தனை விழுக்காடு' என்ற எண்ணைத் தேடுங்கள். அது எந்த நாட்டிலும் ஒரே பொருளைத்தான் தரும்.

சுவை ஏன் மாறுகிறது?

முதல் காரணம் அந்தக் கொழுப்புதான். 6 விழுக்காட்டுப் பாலில் வளர்ந்த பிள்ளைக்கு 3.5 விழுக்காட்டுப் பால் 'தண்ணி மாதிரி' இருப்பதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் சூடு. பேரங்காடியில் குளிரூட்டி வைத்திருக்கும் பாலைப் பொதுவாக 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கிக் கிருமிகளை அழித்திருப்பார்கள். காகிதப் பெட்டியில் வெளியே அடுக்கி வைத்திருக்கும் நீண்டநாள் பால் அப்படியல்ல. அதைச் சுமார் 135 டிகிரிக்குமேல் சில விநாடி சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் பாலின் புரதம் மாறுவதால் லேசான 'காய்ச்சிய' வாசம் வரும். பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் பெரும்பாலோர் வாங்குவது இந்தப் பால்தான். கெட்டுப்போன பால் என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். பிரித்த பிறகு மட்டும் அதையும் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டும்.

மூன்றாவது, பாட்டிகள் முதலில் கவனிக்கும் விஷயம். "என்ன பால் இது, ஆடையே கட்டல?" பல நாடுகளில் பாலை மிக அழுத்தத்தில் நுண்ணிய துளைகள் வழியே செலுத்துவார்கள். கொழுப்பு சின்னச் சின்னத் துளிகளாக உடைந்து பால் முழுதும் பரவிவிடும். மேலே மிதந்து கெட்டியாகத் திரளாது. மற்றபடி பாலில் குறையில்லை.

நான்காவது, பழக்கம். தமிழ்நாட்டில் பொட்டலத்தில் வரும் பாலும் பதப்படுத்தப்பட்டதுதான். இருந்தாலும் பல வீடுகளில் காய்ச்சாமல் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ பாலைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றிக் கொடுப்பார்கள். வெதுவெதுப்பான பாலுக்குப் பழகிய பிள்ளைக்குச் சில்லென்ற பால் வேறு ஒரு பானம். சூடாக்கிக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடலாம்.

மைலோ எங்கும் மைலோதானே?

பெயர் ஒன்று. குடிக்கும் விதம் வேறு.

மைலோ பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1934இல் தாமஸ் மெய்ன் என்பவர் உருவாக்கியது. அங்கே மைலோத் துகள்கள் மொறுமொறுப்பானவை. குளிர்ந்த பாலின்மேல் குவித்துப் போட்டு, கரையுமுன் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது அவர்கள் பழக்கம்.

நமக்கோ மைலோ என்றால் காப்பிக்கடை. சுடுநீரில் கலக்கி, டின் பால் ஊற்றி, மேலே நுரை நிற்கவேண்டும். 'மைலோ டைனசோர்' என்றால் ஐஸ் மைலோமேல் இன்னும் ஒரு கரண்டித் தூள். அந்த நினைப்பில் மெல்பர்னில் டின்னைத் திறக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளை, "இது கரையவே மாட்டேங்குதே!" என்று கேட்பது நியாயம்தான். அந்தந்த நாட்டு ருசிக்கேற்பத் தயாரிப்பும் மாறும்.

ஹார்லிக்ஸ் இன்னும் விசித்திரம். பிரிட்டனில் அது பெரியவர்கள் இரவு தூங்கப் போகுமுன் குடிக்கும் பானமாகப் பெயர் பெற்றது. இந்தியாவில் அதுவே பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குக் காலையில் தெம்பூட்டும் பானம். ஒரே புட்டி ஓரிடத்தில் தூங்கவைக்கிறது, இன்னோரிடத்தில் எழுப்பிவிடுகிறது!

விளம்பரத்திலும் அதே கதை. ஹார்லிக்ஸ் குடித்தால் பிள்ளைகள் உயரமாக, பலமாக, கூர்மையாக வளர்வார்கள் என்று சொன்ன தெற்காசிய விளம்பரம் ஒன்று பிரிட்டனில் ஒளிபரப்பானது. அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் 2008இல் அதற்குத் தடை விதித்தது. இந்தியாவிலும் நிலைமை மாறிவருகிறது. இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் இந்திய வர்த்தக அமைச்சு இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

இவற்றைக் குடிக்கவே கூடாதா? அப்படியில்லை. இவை சர்க்கரை சேர்த்த சுவை பானங்கள். எப்போதாவது ஒரு கோப்பை குடிக்கலாம். பாலுக்கோ சாப்பாட்டுக்கோ பதிலாகக் கொடுப்பதுதான் தவறு.

டின் பால் பால் ஆகுமா?

இது நம் ஊர்க் கேள்வி. பதிலும் இங்கேயே ஒருமுறை உரக்கச் சொல்லப்பட்டது.

ஆண்டு 1939. சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் பேச எழுந்தார். பேச்சின் தலைப்பு 'பாலும் கொலையும்'. இனிப்பு சேர்த்த கெட்டிப் பாலைக் குழந்தை உணவாக விற்றதால், தாய்ப்பால் கிடைத்திருக்கவேண்டிய ஏழைக் குழந்தைகள் மாண்டுபோனதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். 42 ஆண்டுகள் கழித்து, 1981இல், தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விளம்பரம் செய்வதற்கு உலகச் சுகாதார மாநாடு அனைத்துலக விதிமுறையை ஏற்றது.

இன்றும் டின் பால் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தே தாரிக்குக் கொஞ்சம் ஊற்றினால் தப்பில்லை. ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. சில டின்களில் 'கிரீமர்' என்று எழுதியிருக்கும். அவற்றில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் இருக்கும். டின்னின் முகப்பு ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு.

வெளியூரில் நல்ல பால் கிடைக்கவில்லை என்று டின் பாலைத் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்கு ஊட்டும் யோசனையை யாராவது சொன்னால், தயங்காமல் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

பால்மாவில் எதைக் கவனிக்கவேண்டும்?

கரண்டி: இதுதான் மிக முக்கியம். பிரிட்டனில் பொதுவாக 30 மில்லிலிட்டர் தண்ணீருக்கு ஒரு கரண்டி மாவு. அமெரிக்காவில் பொதுவாக 60 மில்லிலிட்டருக்கு ஒரு கரண்டி. கரண்டியின் அளவும் வேறு வேறு. ஒரு டின்னின் கரண்டியை இன்னொரு டின்னில் போட்டுவிட்டால் பால் மிகவும் கெட்டியாகும், அல்லது மிகவும் நீர்த்துப்போகும். இரண்டுமே குழந்தைக்கு ஆபத்து. பழைய டின் காலியானதும் அதன் கரண்டியையும் சேர்த்துத் தூக்கிப் போடுங்கள்.

எண்: சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் 1, 2, 3, 4 என்று வரிசையாக டின்கள் நிற்கும். அமெரிக்காவில் ஒரு வயதுக்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகள் சாதாரணப் பசும்பாலுக்கு மாறிவிடுவார்கள். ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்குத் தனிப் பால்மாவு அவசியமில்லை என்பது பிரிட்டன் தேசியச் சுகாதாரச் சேவையின் ஆலோசனை. '3ஆம் எண் டின் இங்க கிடைக்கலையே' என்று பதற்றப்பட வேண்டியதில்லை.

பயணப்பெட்டி: சீனாவில் 2008இல் மெலமைன் கலந்த பால்மாவு ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பாதித்தது. அதன் பிறகு சீனப் பெற்றோர் ஹாங்காங்கில் வந்து பால்மாவு வாங்கிக் குவித்தனர். உள்ளூர்த் தாய்மாருக்குத் தட்டுப்பாடு வந்தது. 2013 மார்ச் 1 முதல் ஹாங்காங்கிலிருந்து ஒருவர் 1.8 கிலோகிராமுக்குமேல் பால்மாவு கொண்டுபோகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலோ கொண்டுவரும் உணவுப்பொருளை அதிகாரிகளிடம் அறிவிக்கவேண்டும். மறைத்தால் அபராதம். அம்மா கட்டிக்கொடுத்த மைலோப் பொட்டலத்தையும் சேர்த்துத்தான்!

எந்த வயதில் என்ன கொடுப்பது?

சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் சுகாதார அமைப்புகள் இதில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

- 12 மாதம் வரை: தாய்ப்பால் அல்லது குழந்தைப் பால்மாவு. பசும்பால் இப்போது முக்கிய பானம் ஆகாது. அதில் இரும்புச்சத்து குறைவு. புரதமும் தாது உப்பும் சின்னஞ்சிறு சிறுநீரகத்துக்கு அதிகம்.

- 1 முதல் 2 வயது: முழுக் கொழுப்புப் பால். அமெரிக்காவில் நாளுக்கு 480 முதல் 720 மில்லிலிட்டர் வரை போதும் என்கிறார்கள். அளவு மீறினால் பிள்ளைக்குப் பசி எடுக்காது, சாப்பாடு குறையும், இரும்புச்சத்தும் குறையும்.

- 2 வயதுக்குமேல்: நன்றாகச் சாப்பிட்டு வளரும் பிள்ளைக்குக் கொழுப்பு குறைந்த பால் கொடுக்கலாம்.

- அரிசிப் பானம்: ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பாலுக்குப் பதிலாக அதைக் கொடுக்கவேண்டாம் என்கிறது பிரிட்டன். அரிசியில் உள்ள ஆர்செனிக் அதற்குக் காரணம்.

சிங்கப்பூருக்குப் புதிதாக வருவோர் ஒரு விஷயத்தில் குழம்பலாம். 2022 டிசம்பர் 30 முதல் இங்கே பொட்டல பானங்களுக்கு 'நியூட்ரி-கிரேட்' தரம் உண்டு. சர்க்கரையையும் பூரிதக் கொழுப்பையும் வைத்து 'ஏ' முதல் 'டி' வரை தரம் பிரிக்கிறார்கள். முழுக் கொழுப்புப் பாலில் அந்தக் கொழுப்பு இயல்பாகவே இருப்பதால் அதற்கு 'சி' கிடைப்பதுண்டு. அதைப் பார்த்து ஒரு வயதுப் பிள்ளையின் பாலை மாற்றிவிடாதீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை, குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தை என்றால் எந்த மாற்றத்துக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

சரி, பிள்ளையை எப்படிப் பழக்குவது?

- பழைய பால் கிடைக்கும் ஊரில் இருக்கும்போதே புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். நீண்டநாள் பால்தான் அங்கே கிடைக்கும் என்றால் இங்கேயே ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

- பழைய கோப்பையை உடன் கொண்டுபோங்கள். பால் மாறினாலும் கோப்பை மாறாமல் இருக்கட்டும்.

- பால் பிடிக்கவே இல்லையா? ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்குத் தயிர், சீஸ் கொடுக்கலாம். சர்க்கரையைக் கூட்டிக் குடிக்கவைக்க வேண்டாம்.

புது வீட்டுக்குப் போனால் முதலில் பால் காய்ச்சுவது நம் வழக்கம். லண்டனிலோ மெல்பர்னிலோ டொரோண்டோவிலோ அந்தப் பாலை வாங்கப் போகும்போது, மூடியின் நிறத்தை விட்டுவிட்டு லேபிளில் உள்ள எண்ணை ஒருமுறை படியுங்கள். காய்ச்சியதில் ஒரு கோப்பை ஆற்றிச் சின்னவனிடம் கொடுங்கள். "நம்ம பால் இல்ல" என்று முதல் வாரம் சொல்வான். பரவாயில்லை, விடாமல் கொடுத்துப் பாருங்கள்.