ஊளைக்குப் பதில்

மியூ லேக் முகாமில் இரவு பதினொரு மணி. ஆகஸ்ட் கடைசி. வாடகைக்கு எடுத்த ஆர்.வி.யின் படியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஏரியிலிருந்து லூன் பறவை ஒன்று கூப்பிட்டது. நான் காத்திருந்தது ஓநாய்க்கு.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவிலிருந்து வடக்கே சுமார் மூணு மணிநேரம் ஓட்டினால் அல்கான்குவின் பூங்கா. 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேலான காடும் ஏரியும். ஆர்.வி.யில் வருகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் 60ஆம் நெடுஞ்சாலை பூங்காவைக் கடக்கிற 56 கிலோமீட்டரைத்தான். மே மாதம் வந்தால் சாலையோரப் பள்ளத்திலேயே மூஸ் நிற்கும். பனிக்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும், அதைக் குடிக்க வரும். ஓநாய் அப்படிக் கண்ணில் படாது. கேட்கத்தான் முடியும்.

அந்தக் கேட்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஓநாயைக் கொன்றால் பணம் என்ற சட்டம் அன்றைய அப்பர் கனடாவில் 1793இல் வந்தது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1893இல், ஆறுகளின் ஊற்றுக்கண்களையும் காட்டுயிர்களையும் காக்க இந்தப் பூங்கா உருவானது. மரம் வெட்டுவது மட்டும் நிற்கவில்லை, இன்றும் நடக்கிறது. காட்டுயிர் என்ற கணக்கில் ஓநாயை யாரும் சேர்க்கவில்லை. மான்களைத் தின்னும் பிராணி என்று பூங்காவின் ரேஞ்சர்களே அதைச் சுட்டார்கள், கண்ணி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள். 1950களின் கடைசிவரை இதுதான் நடந்தது.

1958இல் டக்ளஸ் பிம்லாட் என்ற உயிரியலாளர் இங்கே ஆய்வு தொடங்கினார். அடர்ந்த காட்டில் கண்ணுக்கே தெரியாத மிருகத்தை எப்படி எண்ணுவது? பதிவு செய்த ஓநாய் ஊளையை அவருடைய குழு இரவில் ஒலிபெருக்கியில் போட்டது. காட்டிலிருந்து பதில் வந்தது. அப்புறம் பார்த்தால் ஒலிபெருக்கியே தேவையில்லை, மனுஷன் தொண்டையால் ஊளையிட்டாலும் பதில் வருகிறது! என் தொழில் பாஷையில் சொன்னால், பிங் அனுப்பி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற அதே வேலை.

1963 ஆகஸ்டில் பூங்கா பொதுமக்களையும் அழைத்தது. கொஞ்சம் பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். இன்றும் ஆகஸ்ட் வியாழக்கிழமைகளில், முந்தைய இரவு ஊழியர்கள் ஓநாய்க் கூட்டத்தைக் கேட்டிருந்தால், நெடுஞ்சாலையோரம் கார்கள் வரிசையாக நிற்கும். மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஊழியர்கள் ஊளையிடுவார்கள். ஏன் ஆகஸ்ட்? அப்போது குட்டிகள் குகையை விட்டு வெளியே வந்திருக்கும். பெரிய ஓநாய்கள் வேட்டைக்குப் போய்வரும்வரை ஓரிடத்திலேயே காத்திருக்கும். கூப்பிட்டால் யோசிக்காமல் பதில் சொல்லும்.

ஆனால் பூங்காவின் எல்லை ஓநாய்க்குத் தெரியாது. குளிர்காலத்தில் மான்கள் எல்லைக்கு வெளியே போகும், ஓநாய்கள் பின்னால் போகும், அங்கே செத்துப்போகும். பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வேட்டைக்கும் பொறிக்கும் தடை 2001இல்தான் வந்தது, 2004இல் நிரந்தரமானது. 1793இன் பரிசுச் சட்டம் 1972வரை நீடித்திருந்தது.

பூங்காவின் பெயர் அல்கான்குவின் மக்களுடையது. இந்த நிலத்தை எந்த ஒப்பந்தத்திலும் தாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். 1772 முதலே அரசுக்கு மனு எழுதியிருக்கிறார்கள். கொள்கையளவிலான ஓர் உடன்பாடு கையெழுத்தானது 2016இல். காட்டில் ஊளைக்குச் சில நொடிகளில் பதில் வந்துவிடுகிறது. மனுவுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஆர்.வி. படியில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். நாமும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தால் என்ன? எழுந்து நின்று, கைகளை வாயருகே குவித்தேன். பக்கத்து டென்ட்டில் ஒரு குழந்தை இருமியது. கையை இறக்கிவிட்டேன்.

குழந்தையை எழுப்பிவிடுவோம் என்ற கூச்சம் பாதி. மீதி, அந்தக் குட்டிகளைப் பற்றிய நினைப்பு. அவை பதில் சொல்வது, தாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதும்தான். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக அந்த இடத்துக்கு இங்கே விலை இருந்தது. இப்போது இல்லை என்பது மனிதர்களாகிய நமக்குத்தான் தெரியும், குட்டிகளுக்குத் தெரியாது. அதனால் அன்று கூப்பிடாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். விடியும்வரை ஒண்ணும் கேட்கவில்லை.