பீரங்கி விட்டுவைத்த குன்றுகள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள குன்றுகளில் வீடுகள் குறைவு, பற்றைக்காடு அதிகம். மலைச்சைக்கிள் ஓட்டுபவருக்கு வரைபடத்தைப் பார்த்ததும் கால் குறுகுறுக்கும். கோணேசர் மலையில் புறப்பட்டு, துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்டென்பேர்க் முனையைத் தொட்டு, சீனன்குடா, கிண்ணியா வழியாகக் கொட்டியாரக்குடாவைச் சுற்றி மூதூர், சம்பூர் போய், தெற்கே இலங்கைத்துறை முகத்துவாரத்துப் பாறைக்குன்று வரை ஓடித் திரும்பலாம் போலிருக்கும். ஆனால் இந்தக் குன்றுகள் தாமாகக் காலியாகக் கிடக்கவில்லை. துறைமுகத்தைக் கைப்பற்றியவர்கள், கடலில் வரும் பகைக்கப்பல் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடாதென்று ஆளை அண்டவிடாமல் வைத்திருந்தார்கள். ஆள் இல்லை என்பதனால் மட்டும் ஒரு நிலம் ஊராரின் பொதுவெளி ஆகிவிடாது என்பதற்குத் திருமலையின் நானூறு ஆண்டு வரலாறே சான்று.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அங்கு கோட்டை எழுப்பினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். உள்துறைமுகத்தின் வாயிலைக் காக்க ஒஸ்டென்பேர்க் கோட்டையைக் கட்டியவர்களும் அவர்களே. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பறித்துக்கொண்டார். 1795இல் ஆங்கிலேயர் மறுபடியும் பிடித்து, பிறகு கோணேசர் மலைக் கோட்டைக்குப் பிரடெரிக் கோட்டை என்று பெயரும் சூட்டினார்கள். கொடி இத்தனை முறை மாறியும் ஒரு வழக்கம் மாறவில்லை. மேடு படைக்கு, பள்ளம் குடிகளுக்கு. 1957இல் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் கையளித்தபோதும் அந்த வழக்கமே கைமாறியது. ஒஸ்டென்பேர்க்கைப் பார்க்க இன்றும் கடற்படைத் தளத்தின் வாயிலைத்தான் தாண்டவேண்டும்.

சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் இதே கதையின் இரும்பு அத்தியாயம். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் கட்டிய குதங்களில் 99 இன்னும் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை காட்டுக்குள் துருவேறி, கூரையில் கொடி படர்ந்து கிடக்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது எரிந்த குதத்தின் மதில் கருகியபடியே இருக்கிறது. குதங்களை இணைக்கும் ஒழுங்கைகள் சைக்கிளுக்கென்றே வெட்டியவை போலத் தெரியும். ஆனால் 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 குதங்கள் இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் என்று பங்கு பிரிக்கப்பட்டன. சுற்றியுள்ள காட்டை ஊர்மக்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற கேள்வி அந்தப் பங்கீட்டில் இடம்பெறவில்லை.

மலைச்சைக்கிள் பிறந்த கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தையும் பீரங்கிதான் விட்டுவைத்தது. சான்பிரான்சிஸ்கோ துறைமுக வாயிலின் வடகரைக் குன்றுகளை அமெரிக்க இராணுவம் கோட்டைகளுக்காகவும், பனிப்போர்க் காலத்தில் ஏவுகணைகளுக்காகவும் ஒதுக்கி வைத்திருந்தது. 1972இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்து, இராணுவ நிலங்கள் படிப்படியாக மக்களுக்குத் திறந்தன. பக்கத்திலுள்ள டமல்பாய்ஸ் மலைச்சரிவுகளில் இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மாற்றியமைத்து ஓட்டத் தொடங்கியதும் அதே பத்தாண்டில்தான். இரண்டு துறைமுகங்களிலும் குன்றைக் காலியாக வைத்தது பீரங்கி. அங்கே அதை வெளியாக்கியது சட்டம். இங்கே அப்படியொரு சட்டம் வரவில்லை.

கடற்படை இல்லாவிட்டால் இந்தக் குன்றுகளை விடுதிகளும் ஆக்கிரமிப்புகளும் எப்போதோ விழுங்கியிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பதில் பிரடெரிக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே படைமுகாம் உண்டு. 1963இல் மீண்டும் குடமுழுக்குக் கண்ட கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியும் அதே கோட்டை வாயிலூடாகத்தான். நாள்தோறும் அடியார்கள் ஏறுகிறார்கள். பாதையோரம் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. ஆள் நடமாட்டத்தால் மலையும் அழியவில்லை, முகாமும் அழியவில்லை. முப்பதாண்டுப் போர் நடந்த மண்ணைக் கலிபோர்னியாவோடு ஒப்பிடலாமா என்ற கேள்விக்கும் நியாயம் உண்டு. ஆனால் போர் 2009இல் முடிந்தது. அதே ஆண்டில் கிண்ணியாப் பாலமும், பின்னர் மட்டக்களப்பு வீதியின் மற்றப் பாலங்களும் திறந்து, படகுக்கும் மிதவைக்கும் காத்திருந்த மூதூர்க்காரர் தரைவழியே நகரத்துக்கு வரத் தொடங்கினார்கள். நிலவியல் எப்போதோ வரைந்து வைத்த வட்டத்தை, வீதி அப்போதுதான் மூடியது.

அந்த வட்டத்தின் தென்கரை இன்னொரு எச்சரிக்கையையும் தருகிறது. 2006இல் சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டு சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு முதலீட்டுக்கும் கடற்படை முகாமுக்கும் நிலம் போனது. அங்கே பற்றை வளர்ந்தது, வளவுகளில் ஆள் இல்லாததால்தான். 2015இல் 818 ஏக்கரும், 2016இல் முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுபட்டபோது சைக்கிள் பாதையை யாரும் கேட்கவில்லை. கிணறும் வேலியும் எங்கே என்றே தேடினார்கள். ஆகவே திருமலைக் குன்றுகளைத் திறப்பதற்கும் ஒரு முறைவரிசை வேண்டும். உரியவர் இருந்த நிலம் உரியவருக்கே போகட்டும். எவர் குடியிருப்பையும் அகற்றாமல் படை பிடித்த மேடுகளில், கோணேசர் மலை வழியைப் போல, ஊராருக்கு உரிமையுள்ள பாதைகள் பிறக்கட்டும். வாயில்காவலரின் தயவில் கிடைக்கும் அனுமதி நாளை மறுக்கப்படலாம். எழுதிவைத்த வழியுரிமையை அவ்வளவு எளிதில் மூட முடியாது.