செங்கல்பட்டுக் கோட்டையும் கும்மந்தான் கான்சாகிபும்

1752 செப்டம்பரில் ராபர்ட் கிளைவ் கோவளத்தை நோக்கி நடத்திப்போன படையைப் பார்த்த எவரும் அது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய 200 வெள்ளையர், புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள், அவ்வளவுதான். பிரெஞ்சு எதிரியின் குண்டுக்கு ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் ஓட்டமெடுத்தார்கள். ஒருவன் சில மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள் பதுங்கியிருந்து பிடிபட்டதாக அந்தக் காலத்து வரலாறு எழுதிவைத்திருக்கிறது. குண்டு பறக்கும் இடத்தில் கிளைவ் தானே போய் நின்று அவர்களை வெட்கப்பட வைத்தார். சில நாட்களில் கோவளமும், அடுத்துச் செங்கல்பட்டும் பணிந்தன. அந்தக் கிளைவே மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாத முரட்டு எழுத்தராகத்தான் சென்னையில் அறியப்பட்டிருந்தார். திறமை இருந்து குணம் இடக்காக உள்ளவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று இன்று கூடைப்பந்து அணி நடத்துபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கடற்கரையில் கிழக்கிந்தியக் கும்பினி அதற்கு இரண்டு விதமாகப் பதில் சொன்னது. ஒன்று பலித்தது, மற்றது ரத்தத்தில் முடிந்தது. இரண்டிலும் ஆள் ஒருவரே.

அவர் யூசுப்கான். இராமநாதபுரம் பக்கத்துப் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. தென்னாட்டு மக்கள் வாயில் அவர் கும்மந்தான் கான்சாகிபு. கமாண்டன்ட் என்ற சொல்தான் அப்படித் தேய்ந்தது. 1752இல் கிளைவிடம் வந்துசேர்ந்து, திருச்சிராப்பள்ளிப் போரில் தளபதி லாரன்சுக்கு வலதுகையாக இருந்து, 1754இல் கும்பினிச் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவரானார். அதே ஆண்டில் அவர்மேல் துரோகப் பழியும் விழுந்தது: மைசூராரோடு கூடிச் சதி செய்கிறார் என்று காட்டும் ஒரு கடிதம். விசாரித்தபோது அது பொய்க்கடிதம் என்று தெரிந்தது. அதன் சூத்திரதாரியான துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒருவர் ‘தொல்லை பிடித்தவர்’ என்ற பெயர் எடுக்கும்போது, அந்தப் பெயரில் பாதி அவரைப் பிடிக்காதவர்கள் ஊதியதாக இருக்கக்கூடும். அன்றைக்குக் கும்பினி செய்த நல்ல காரியம், வதந்தியை நம்பாமல் விசாரித்தது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது செங்கல்பட்டுக் கோட்டையைப் பிடிக்காமல் தாண்டிப் போனார். கொளவாய் ஏரி ஒருபுறம் அரணாக நிற்கும் அந்த விஜயநகர காலத்துக் கோட்டையில் காப்டன் பிரஸ்டன் இருந்தார். தெற்கிலிருந்து யூசுப்கான் தன் சிப்பாய்களோடு வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். லாலியின் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்த ஊரிலிருந்து இருவரும் கிளம்பிவந்து பிரெஞ்சுக்காரரைத் தாக்குவதும் திரும்புவதுமாக இருந்தார்கள். ஒருபக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்து உட்காரும் ஈக்கள் என்று லாலி இவர்களைப் பற்றிச் சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். 1759 பிப்ரவரி 9இல் பரங்கிமலையில் மேஜர் கல்லியாட் தலைமையில் நடந்த சண்டையிலும் யூசுப்கான் இருந்தார். ஒரு வாரத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் வர, லாலி முற்றுகையைக் கைவிட்டுப் போனார். இந்தச் சில வாரங்களில் யூசுப்கானுக்கு என்ன இருந்தது என்று கவனிக்க வேண்டும். தெளிவான ஒரு வேலை, பக்கத்திலேயே சமமான ஒரு துணைவர், மேலே ஒரே எஜமான்.

அடுத்துக் கும்பினி செய்தது வேறு. ஆற்காட்டு நவாப் முகமது அலி விரும்பாதபோதே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்குக் கொடுத்து யூசுப்கானை அனுப்பியது. படையும் அவரிடம், வரிவசூலும் அவரிடம். பூலித்தேவர் உள்ளிட்ட பாளையக்காரர்களை ஒடுக்கிக் காட்டினார். வெற்றி வந்ததும் கும்பினி, நீ நவாபின் ஆள், அவருக்குக் கட்டுப்பட்டு நட என்றது. தன்னைக் கும்பினியின் ஆளாகவே எண்ணியிருந்தவருக்கு அது பொறுக்கவில்லை. 1763இல் போர் மூண்டது. யூசுப்கான் மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

பிரெஞ்சுக் கொடி ஏற்றியதே அவர் குணத்தைக் காட்டவில்லையா, எங்கே வைத்தாலும் இப்படித்தான் ஆகியிருப்பார் என்று கேட்கலாம். ஆனால் 1754 முதல் 1759 வரை, பழி சுமத்தப்பட்ட பிறகும், லாலியிடம் போகும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதும், அவர் போகவில்லை. இடம் மாறியபோதுதான் நடத்தை மாறியது. அமெரிக்கக் கூடைப்பந்தில் டென்னிஸ் ராட்மன் கதையும் ஏறக்குறைய இதுதான். சான் அன்டோனியோ அணி 1995இல் கைகழுவிய அவரைச் சிகாகோ எடுத்துக்கொண்டது. பயிற்சியாளர் பில் ஜாக்சன், மைக்கேல் ஜோர்டன், பிப்பன் என்று கட்டுக்கோப்பான ஒரு வட்டத்துக்குள் அவருக்குக் கிடைத்த வேலை ஒன்றே: பந்தைப் பறிப்பது, தடுப்பது. மூன்று பட்டங்கள் வந்தன. ஒரு படப்பிடிப்பாளரை உதைத்து 11 ஆட்டங்கள் தடைபட்டதும் சிகாகோவில் இருந்தபோதுதான். தொல்லை தீரவில்லை, எல்லைக்குள் நின்றது. 2000இல் டல்லஸ் எடுத்துப் பார்த்து 12 ஆட்டத்தில் அனுப்பிவிட்டது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கும்பினியின் கண்ணால் ஏன் பார்க்க வேண்டும், நமக்கு அவர் அந்நியனை எதிர்த்த முன்னோடி அல்லவா? நியாயம்தான். ‘தொல்லைக்காரர்’ என்பது சம்பளம் கொடுப்பவன் வைக்கும் பெயர். ஆனாலும் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலில் அவரை எதிர்த்து நின்றவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவர் கும்பினி ஏவிய கத்தி. இரண்டு பார்வைக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. அதிகாரத்தை அள்ளிக் கொடுத்து, பொறுப்பு யாருக்கு என்பதை மட்டும் மங்கலாக விட்டவர்கள் கும்பினிக் கவுன்சிலார்.

1764 அக்டோபரில் திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சுக்காரர் மார்ச்சாந்தும் யூசுப்கானைக் கட்டிப் பிடித்துக் கொடுத்தார்கள். 15ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். மதுரை முற்றுகையில் கும்பினிப் பக்கம் உயிர்விட்ட அதிகாரிகளில் ஒருவர், செங்கல்பட்டில் அவரோடு தோளோடு தோள் நின்ற அதே பிரஸ்டன். போர் தொடங்கிய அந்த 1763இல்தான் நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார்.