ஆக்சிடென்ட் கேஸும் தலச்சேரி வக்கீலும்

நம் ஊரில் பஸ்ஸோ லாரியோ மோதி ஒருவர் போய்விட்டால், காரியம் முடிவதற்குள் ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். 'ஆக்சிடென்ட் கேஸ் வக்கீல்' என்றாலே காரைக்காலில் கொஞ்சம் இளக்காரம்தான். கிடைக்கிற தொகையில் பங்கு பேசுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்படிப் பேசக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலுக்கு மரியாதையான பூர்வீகம் ஒன்றும் உண்டு.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே நெப்போலியனின் சிவில் சட்டம். அதன் 1382-ஆம் பிரிவுப்படி, தன் தவறால் பிறருக்கு நஷ்டம் உண்டாக்கியவன் ஈடு செய்ய வேண்டும். தவறை நிரூபிப்பது அடிபட்டவன் பாடு. 1930-ல் பாரீஸ் உச்ச நீதிமன்றம், பெல்போர் என்ற ஊரில் லாரி மோதிக் காயப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில் இதை மாற்றியது. வண்டியைத் தன் வசம் வைத்திருப்பவரே பொறுப்பு. நான் தவறு செய்யவில்லை என்று காட்டினால் மட்டும் தப்ப முடியாது என்றது. காரைக்கால் வழக்குகளுக்கும் கடைசிப் படி அந்தக் கோர்ட்தான். ஆகவே, ஏட்டளவிலாவது, வாஞ்சூரில் லாரி மோதினால் ஒரு நியாயம், தாண்டி நாகூரில் மோதினால் வேறு நியாயம்!

1954 நவம்பர் 1-ல் ஆட்சி மாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தோம். பிறகு வந்த இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், டிரைவரின் அஜாக்கிரதையைக் காட்டினால்தான் நஷ்ட ஈடு. சுதந்திரம் கிடைத்தது சந்தோஷம். அடிபட்டவனுக்கு மட்டும் இது ஒரு படி இறக்கம்தான்.

அந்தப் படியை மறுபடி ஏற்ற உதவியவர்களில் ஒருவர் நம் சகோதரி ஊரான மாஹேயை ஒட்டிய தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர். வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர். நமக்குப் பக்கத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, 1938-ல் தந்தையிடம் ஜூனியராகச் சேர்ந்தார். தொழிலாளிகளுக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் வாதாடினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-ல் ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். 1957-ல் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் மந்திரி, 1968-ல் கேரள ஹைகோர்ட், 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றம்.

அங்கே போயும் சின்ன ஊர் வக்கீலாகவே யோசித்தார் என்பது என் அபிப்பிராயம். 1979-ல் ஹரியானாவிலிருந்து ஒரு வழக்கு. அரசு பஸ் மோதி இறந்தவரின் மனைவிக்கும் மகளுக்கும் கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லை. ஏழைகளுக்கான கட்டண விலக்கு சிவில் கோர்ட்டுக்குத்தான், விபத்துத் தீர்ப்பாயத்துக்கு இல்லை என்று அரசாங்கமே உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. ஒரு விதவையிடம் கட்டணத்துக்காக இத்தனை தூரமா? அவர் ஏற்கவில்லை.

மறு வருஷம் இன்னொன்று. ராத்திரியில், தாழத் தொங்கிய உயர் மின்னழுத்தக் கம்பியில் பஸ் பட்டு 26 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலை. அதைக் காட்டி பஸ் கம்பெனி நஷ்ட ஈட்டிலிருந்து தப்பப் பார்த்தது. விடுதலை வேறு, நஷ்ட ஈடு வேறு என்றார் கிருஷ்ணய்யர். ஏதோ ஒரு சின்னச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு முதலாளி நழுவ விடக்கூடாது என்று தீர்ப்பாயங்களை எச்சரித்தார். இந்த வகைக் கேஸ் நடத்துகிற வக்கீல்களுக்கு இன்றும் கைகொடுக்கிற தீர்ப்பு இது.

1982-ல் சட்டமே கொஞ்சம் இறங்கி வந்தது. யார் தவறு என்று பார்க்காமல், உயிரிழப்புக்கு 15,000 ரூபாய். தொகை சிறிது, ஆனால் பாரீஸ் 1930-ல் சொன்ன பாதையில் முதல் அடி.

நமக்கு மட்டும் இன்னொரு தொல்லை மிச்சம் இருந்தது. விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் மனு போட வேண்டும். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு என்றிருக்கும் ஊரில், பொறையாறில் அடிபட்டவனின் குடும்பம் தமிழ்நாட்டுக் கோர்ட்டுக்கு அலைந்தது. 1994 திருத்தத்துக்குப் பிறகு குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அதே திருத்தம் ஆறு மாதக் கெடுவையும் நீக்கியது. 2019 திருத்தத்தில் அந்தக் கெடு திரும்ப வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கும் வந்துவிட்டது.