இடது காலின் கேள்வி

ஊத்தங்கரைக்கு அருகே ஒரு கிராமத்தில் எங்கள் உறவில் ஒரு பெரியம்மா இருந்தார். இரண்டாவது பிரசவம் முடிந்து பத்து நாள் ஆவதற்குள் அவரது இடது கால் தொடையிலிருந்து பாதம்வரை வீங்கிவிட்டது. ஊரார் அதற்கு இட்ட பெயர் யானைக்கால். மாத்திரையும் பற்றுமாகப் பல வருடங்கள் கழிந்தன. வீக்கம் முழுதும் வடியவில்லை. கணுக்கால் கறுத்தது, பிறகு ஆறாத புண்ணும் வந்தது. கல்யாண வீடுகளில் அவர் பந்திப் பக்கம் வராமல் பின்கட்டிலேயே இருந்துகொள்வார்.

அவர் மறைந்து வெகுகாலம் கழித்தே இடுப்புச் சிரை அழுத்தம் பற்றிப் படிக்க நேர்ந்தது. அவருக்கு வந்தது இதுதான் என்று சொல்ல எந்தச் சோதனைச் சீட்டும் இல்லை. ஆனால், ஏன் இடது கால் மட்டும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. மருத்துவ வரலாற்றிலும் அக்கேள்விக்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

பிள்ளை பெற்றவளின் கால் வீங்கினால் தாய்ப்பால் காலில் இறங்கிவிட்டது என்று ஐரோப்பியரும் நம்பியிருந்தனர். 1784இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் வைட் அந்நம்பிக்கையை மறுத்து நூல் எழுதினார். ஆயினும் அவர் பழியை நிணநாளங்களின்மேல் போட்டார். 1851இல் ஜெர்மானிய நோயியலறிஞர் ருடால்ஃப் விர்ஹோ, சிரைகளில் குருதி உறைவது இடப்பக்கமே மிகுதி என்பதைக் கவனித்தார். காரணத்தைக் காலில் தேடாமல் அடிவயிற்றின் ஆழத்தில் தேடியது அவரது பெருமை.

அங்கே இருப்பது எளிய அமைப்புதான். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி தொப்புளின் உயரத்தையொட்டி இரண்டாகப் பிரிகிறது. அதில் வலக்காலுக்குப் போகும் கிளை, இடக்காலிலிருந்து மேலேறும் சிரையின் குறுக்காகக் கடந்து செல்கிறது. பின்னால் முதுகெலும்பு, முன்னால் துடிக்கும் தமனி. நடுவில் மெல்லிய சுவருடைய சிரை. அம்மிக்கும் குழவிக்கும் இடையில் அகப்பட்டதைப் போல.

1908இல் மெக்முரிச் என்ற உடற்கூற்றியலாளர் அச்சிரைக்குள் ஒட்டுத் திசுக்களைக் கண்டு, அவை பிறவியிலேயே அமைந்தவை எனக் கருதினார். 1957இல் ஆஸ்திரியாவின் மே, தூர்னர் இருவரும் 430 சடலங்களை ஆராய்ந்து, 22 விழுக்காட்டில் உட்சுவர் தடித்து முள்போல் நீண்டிருந்ததைப் பதிவுசெய்தனர். தமனியின் ஓயாத துடிப்பே அதற்குக் காரணம் என்றனர். நோய்க்கு இன்று வழங்கும் பெயர் அவர்களுடையது. 1965இல் லண்டனின் காக்கெட்டும் தாமஸும் உயிரோடிருக்கும் நோயாளிகளிடம் இதை விளக்கமாக எழுதினர்.

சிகிச்சையும் மெல்லவே வந்தது. உருகுவே நாட்டின் பால்மா, நல்ல காலின் சிரையொன்றை அடிவயிற்றின் குறுக்கே கொண்டுவந்து நோயுற்ற காலோடு இணைத்தார். 1990களிலிருந்து, குழாய்வழியே சிரைக்குள் சென்று, நசுங்கிய இடத்தை விரித்து, ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழலைப் பொருத்துகிறார்கள். புதிதாக உறைந்த கட்டி இருந்தால் குருதி உறையாமைக்கான மருந்து அடிப்படை; தக்கவர்களுக்குக் கட்டியைக் கரைப்பதோ உறிஞ்சி எடுப்பதோ உண்டு. காலில் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேன், குடல் காற்றின் மறைப்பால் இடுப்புச் சிரையைத் தவறவிடக்கூடும். சி.டி., எம்.ஆர். படங்களும், சிரைக்குள்ளேயே செலுத்தும் நுண் ஒலிக்கருவியும் அதைக் காட்டித் தருகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், காலில் தொல்லை ஏதுமில்லாத 50 பேரின் படங்களைப் பார்த்தபோது, 24 விழுக்காட்டினருக்கு அச்சிரை பாதிக்கு மேல் நசுங்கியிருந்தது. எனவே படத்தில் அழுத்தம் தெரிவதே நோயாகிவிடாது. பிரசவம், கருத்தடை மாத்திரை, அறுவைக்குப் பின்னான நீண்ட படுக்கை போன்ற இன்னொன்று சேரும்போதே பலருக்கும் அது வெளிப்படுகிறது. தொல்லையில்லாதவருக்கு ஸ்டென்ட் வேண்டியதில்லை.

இன்று எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்கிறார்கள். நிற்பது இந்த அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே தடைபட்ட சிரையின் சுமையைக் கூட்டும். மாலையில் இரு கால்களும் லேசாக வீங்குவது வேறு. யானைக்கால் பெரும்பாலும் மெல்ல மெல்ல வருவது. ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் தொடைவரை வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால், கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

பெரியம்மாவின் காலுக்கு ஊர் ஒரு பெயரைக் கொடுத்தது. பெயர் கிடைத்துவிட்டதால் யாரும் காரணத்தைத் தேடவில்லை. இனி ஒரு பெண் பின்கட்டில் ஒதுங்கி உட்காராமலிருக்க, அவள் காலைப் பார்ப்பவர்களில் ஒருவராவது, ஏன் ஒரு கால் மட்டும் என்று கேட்க வேண்டும்.