கொட்டியாரக் குடாவும் ஒரு பின்னல் தொப்பியும்



திருகோணமலையின் வரலாற்றைப் பேசப் புகுவோர் கோணேசர் கோயிலில் தொடங்கிக் கோட்டையில் வந்து நிற்பது வழக்கம். துறைமுகம் என்றாலோ பீரங்கியும் போர்க்கப்பலுமே நம் கண்முன் வரும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றோடு வைத்தெண்ணத் தகாத சிறு பொருள். கொஞ்சம் பருத்தி நூல், சில ஊசிகள், அவற்றிலிருந்து பிறந்த தொப்பி, அவ்வளவுதான்.

1659ஆம் ஆண்டு நவம்பரில் சோழமண்டலக் கரையில் வீசிய புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் பொருத்தவும், ஏற்றிவந்த துணிகளில் சிலவற்றை விற்கவும் அது நமது கொட்டியாரக் குடாவுக்கு வந்து நங்கூரமிட்டது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் மூதூர்க் கரையில் கப்பற் தலைவரையும், றொபேட் நொக்ஸ் என்று தந்தையின் பெயரையே தாங்கிய அவர் மகனையும், வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு மலைநாட்டுக்குப் போனார்கள். மகனுக்கு அப்போது இருபது வயதும் நிறையவில்லை. மறுவருடம் பெப்ரவரியில் தந்தை காய்ச்சலில் இறந்தார். மகனோ பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார்.

இவ்வளவும் பாடநூலில் உள்ளதுதான். 1681இல் இலண்டனில் வெளியான நொக்ஸின் நூல், கண்டி இராச்சியத்தின் வாழ்க்கையை அறிய நமக்குள்ள பெருஞ்சான்றுகளில் ஒன்று என்பதும், டானியல் டீபோவின் 'றொபின்சன் குறூசோ'வுக்கு அது தூண்டுதலாக இருந்திருக்கலாம் என அறிஞர் கருதுவதும் இலக்கிய மாணவர் அறிந்தவையே. அந்த நூலின் நாலாம் பகுதியைப் பொறுமையாக வாசிப்பவர்க்குத்தான் தொப்பிக் கதை கிடைக்கும்.

சிறைப்பட்டவர்கள் விலங்கிடப்படவில்லை. ஊருக்கொருவர் இருவராகப் பிரித்து விடப்பட்டார்கள். உணவு கொடுக்குமாறு ஊராருக்கு அரச கட்டளை இருந்தது, உடைக்கு வழியில்லை. கப்பலிலிருந்து வந்த உடை எத்தனை நாளைக்கு உழைக்கும்? இந்த நெருக்கடியிலேதான் ஆங்கிலேயர் தொப்பி பின்னத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது புதுத் தொழில், ஆனால் அந்நியத் தொழிலன்று. இங்கிலாந்தில் ஞாயிறு தோறும் சாதாரண மக்கள் கம்பளித் தொப்பி அணியவேண்டுமென 1571இல் சட்டமே இருந்தது. 1597இல்தான் அது நீக்கப்பட்டது. தொப்பி பின்னுவோரின் பிழைப்பைக் காக்க இயற்றிய சட்டம் அது.

கம்பளியில் பின்னுவது வேறு, பருத்தியில் பின்னுவது வேறு. இதை எனக்குக் கற்பித்தது நூலகம் அல்ல, என் பெரியம்மா. ஊரில் யாருக்காவது குழந்தை பிறந்தால் அவர் கையில் ஊசி ஏறிவிடும். கம்பளி நூல் மன்னிக்கும் குணமுடையது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி வந்துவிடும். பருத்தி அப்படியல்ல. ஓரிடத்தில் இறுக்கி மறுவிடத்தில் தளர்த்திப் பின்னினால் அந்தக் கோணல் கடைசிவரை தெரியும். நூலுண்டை தரையில் உருண்டோடாமல் இருக்க அதை ஒரு பித்தளைச் செம்புக்குள் போட்டுக்கொள்வார். நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற விரல்களுக்கு மேலும் கீழுமாக விட்டுச் சுட்டுவிரலுக்குக் கொண்டுவருவார். "இறுக்கிப் பிடியாதை தம்பி, விட்டிடவும் படாது. விரலிலை ஓட விடு" என்பார். நான் ஆசிரியனாகி இத்தனை வருடமாகியும் ஒரு பாடத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

தையலில்லாத வட்டத் தொப்பிக்கு இருமுனையும் கூரான நாலு ஊசிகள் வேண்டும். மூன்றிலே கண்ணிகள் நிற்க, நாலாவது சுற்றிச் சுற்றி வேலை செய்யும். உச்சி நெருங்கும்போது இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கிக் குறைத்துக்கொண்டே போய், எஞ்சியவற்றினூடே நூலைக் கோத்து இழுத்து முடிவார்கள். நமது கரையோரத்து வலை பின்னலோடு இதை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். வலையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனி முடிச்சு. ஒன்று அறுந்தால் மற்றவை பிடித்து நிற்கும். தொப்பியில் முடிச்சே இல்லை. ஒரு கண்ணி நழுவினால் கீழே வரிசை வரிசையாகக் கழன்றுவிடும். வலை பின்னுகிறவர் பாதியில் எழுந்து தேநீர் குடிக்கப் போகலாம். தொப்பி பின்னுகிறவர் ஊசியை அப்படி வைத்துவிட்டுப் போகமுடியாது.

நொக்ஸ் வணிகக் கப்பலில் வளர்ந்தவராதலால் கணக்கை மறக்காமல் எழுதுகிறார். ஆங்கிலக் காசில் சொன்னால் ஒரு தொப்பி 9 பென்சுக்கு விலைபோனது. நூலுக்குச் செலவு 3 பென்ஸ். எஞ்சிய 6 பென்ஸ் விரல்களின் கூலி. அந்தக் கூலியில்தான் உடை வந்தது, கடன் தீர்ந்தது. ஆனால் எல்லோரும் விழுந்து விழுந்து பின்னியதால் தொப்பி மலிந்தது, விலை இறங்கிற்று, அவர்களிற் பலர் மீண்டும் வறுமைப்பட்டனர். நொக்ஸ் தொப்பியோடு நிற்கவில்லை. பன்றியும் கோழியும் வளர்த்தார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தார், பின்னர் சில்லறை வணிகனாக ஊரூராகத் திரிந்தார். அப்படித் திரிந்து அறிந்த வழியேதான் 1679 ஒக்டோபரில், ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழருடன் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

தமிழாசிரியன் என்ற முறையில் என்னைக் கட்டிப்போட்ட இடம் இன்னொன்று. ஒருநாள் முதியவர் ஒருவர் ஆங்கில விவிலியம் ஒன்றை விற்கக் கொண்டுவருகிறார். நொக்ஸ் தம்மிடமிருந்த காசு முழுவதையும் கொடுத்துவிடத் துடிக்கிறார். அவரது வேலைக்காரப் பையன் கெட்டிக்காரன். ஆசையை வெளியே காட்டவேண்டாம் என்று தடுத்து, ஒரு பின்னல் தொப்பிக்கு அதை வாங்கிக் கொடுக்கிறான். நன்னூற் பாயிரத்தில் பவணந்தியார் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்து, நூல் என்ற பெயருக்கு விளக்கம் சொல்வது நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த மலையூரிலே நூல் கொடுத்து நூல் வாங்கியிருக்கிறார்கள்! வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வாங்கில் இருப்பவனும் நிமிர்ந்து உட்காருவான்.

1990இல் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு முகாமில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. பெரியம்மா கொண்டுவந்த துணி மூட்டைக்குள் பழைய கம்பளிச் சட்டையொன்று இருந்தது. அதைப் பிரிக்கத் தொடங்கினார். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும்; அப்படியே பின்னினால் மேடும் பள்ளமுமாய் வரும். ஆகவே என் இரு கைகளையும் நீட்டச்சொல்லி அவற்றிலே கழியாகச் சுற்றி, நனைத்து, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டு நிழலில் உலரவைத்தார். அந்தச் சட்டையிலிருந்து நாலு குழந்தைத் தொப்பிகள் வந்தன. ஒரு தாய் அதற்காக ஒரு பேணி அரிசி கொண்டுவந்தபோது, "பழைய நூல்தானே பிள்ளை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று அதைப் பெருந்தன்மை என்று எண்ணினேன். நொக்ஸின் கணக்கை வாசித்த பிறகு அப்படி எண்ண முடியவில்லை. நூலுக்கு விலை இல்லையென்பதால் விரலுக்கும் விலை இல்லையென்று அவர் கருதினார். அன்று எங்கள் அடுப்பிலும் அரிசி இருக்கவில்லை.

மூதூரில் நொக்ஸ் பிடிபட்டதாகச் சொல்லும் புளியமரத்தடியில் 1893இல் ஒரு கல் நாட்டினார்கள். கப்பலின் பெயரும் பத்தொன்பது வருடச் சிறையும் அதிலே உண்டு. மாணவர்களை அங்கே அழைத்துப்போய்த் தொப்பிக் கதையைச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: "சேர், அவர் அந்த நூலை ஆரிட்டை வாங்கினவர்?"

பதில் நொக்ஸின் நூலிலேயே இருக்கிறது. தாழ்ந்த நிலத்து ஊர்களில் பருத்தி நன்றாக விளைந்தது. அங்குள்ளவர்கள் தங்களுக்கு வேண்டிய துணியைத் தாங்களே நெய்து, பருத்தி குறைந்த மலையூர்களுக்கும் விற்றார்கள். அந்த 3 பென்ஸ், பஞ்சைக் கொட்டை நீக்கி நூற்ற யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போயிருக்கிறது. இதை நான் சொல்லி முடித்ததும் அவன் தன் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டான்.